உடைஞ்சிருச்சு, உடைச்சுட்டேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இந்த வாரம் சென்னை ரூம்ல இருந்து இல்ல, கடையநல்லூர்ல எங்க வீட்டு மாடியறையில இருந்து பேசுறேன். பின்னாடி தகரத்துல ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அது சாரல். மைக்கை எந்த மூலையில வெச்சாலும் விழுது. குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு, பொறுத்துக்கோங்க.

போன மாசம் கேள்வி பதில் எபிசோட்ல ஒரு கேள்வியைத் தாண்டிப் போயிட்டேன். கேட்டவர் இப்படிக் கேட்டிருந்தார்: "கடவுளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குப் பாவ அறிக்கை? தெரிஞ்சவர்கிட்டயே போய்த் திரும்பச் சொல்றதுல என்ன இருக்கு?" நேரமில்லைன்னு சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன். நேரம் இருந்தது. எனக்குத்தான் வாய் வரலை. ஏன் வரலைங்கிறதையும் சேர்த்து இன்னைக்குச் சொல்லிடுறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி, நான் அப்போ வேலை பார்த்த கம்பெனியில் நடந்தது. டெஸ்ட் சர்வர்ல ஓட்ட வேண்டிய ஒரு கிளீன்அப் ஸ்கிரிப்ட்டை, அவசரத்துல, ப்ரொடக்‌ஷன் சர்வர்ல ஓட்டிட்டேன். கஸ்டமர்களோட முகவரி டேபிள் ஒண்ணு காலி. பேக்கப்ல இருந்து மீட்டுட்டோம், ஆனா ராத்திரி முழுக்க ஆச்சு.

அந்த மெஷினுக்கு டீம் மொத்தத்துக்கும் ஒரே லாகின்தான். லாக்ல பார்த்தா யார் ஓட்டினதுன்னு தெரியாது. திங்கட்கிழமை மீட்டிங்ல மேனேஜர் கேட்டார், "யார் அந்த மெஷின்ல இருந்தது?" நான் சொன்னேன், "வெள்ளிக்கிழமை காலையில இருந்து அவர்தான் அதுல வேலை பார்த்துட்டு இருந்தார்." கையைக் காட்டினது, கான்ட்ராக்ட்ல சேர்ந்து ஆறு மாசம் ஆன ஒரு ஜூனியரை.

கவனிங்க, நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. காலையில அவர் அதுல வேலை பார்த்துட்டுதான் இருந்தார். சாயங்காலம் நான் உட்கார்ந்ததை மட்டும் சொல்லலை.

சம்பவ அறிக்கையையும் நான்தான் எழுதினேன். "தவறான சூழலில் ஸ்கிரிப்ட் செயல்படுத்தப்பட்டதால் தரவு இழப்பு ஏற்பட்டது." அழகான வாக்கியம். உள்ளே ஆளே இல்லை. அடுத்த காலாண்டுல அந்த ஜூனியரோட கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கலை. காரணம்னு யாரும் எதுவும் சொல்லலை.

ஒரே ஒரு எழுத்து

தமிழ்ல ஒரு வசதி இருக்கு. சின்ன வயசுல டம்ளரைக் கீழே போட்டா என்ன சொல்லுவோம்? "அம்மா, டம்ளர் உடைஞ்சிருச்சு." டம்ளர் தானா முடிவெடுத்து உடைஞ்ச மாதிரி. "உடைச்சுட்டேன்"னு சொல்ல ரொம்ப நேரமாகும். பள்ளிக்கூடத்துல தன்வினை, பிறவினைன்னு படிச்சோமே, அதேதான். உடைந்தது, உடைத்தேன். அழிந்தது, அழித்தேன். நடுவுல ஒரு மெல்லினம் வல்லினமா மாறுது, அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு எழுத்துலதான் 'நான்' உள்ளே வர்றேன்.

கிறிஸ்தவ வாழ்க்கையில் பாவ அறிக்கைன்னு சொல்றது, என் புரிதல்ல, இந்த ஒரு எழுத்தை மாத்துறதுதான்.

புதிய ஏற்பாட்டில், யோவானின் முதல் நிருபம் முதல் அதிகாரத்தில், பாவங்களை அறிக்கையிடுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் 'ஹோமோலொகேயோ'. 'ஹோமோ' என்றால் அதே, ஒன்றான. மீதி, சொல்லுதல். அதாவது 'அதையே சொல்வது'. ஒரு விஷயத்தைப் பற்றிக் கடவுள் என்ன சொல்கிறாரோ, நானும் அதையே சொல்வது.

இப்போ கேள்வி கேட்டவருக்கான பதில் பாதி வந்துடுச்சு. நம்மள்ல பல பேருக்கு ஒரே டேட்டாவோட ரெண்டு காப்பி இருந்தா என்ன பிரச்சினைன்னு தெரியும். ஒண்ணு சரியா இருக்கு, இன்னொண்ணு பழசா, தப்பா இருக்கு. சிங்க் பண்றது சரியான காப்பிக்குப் புதுசா ஏதோ தெரியப்படுத்துறதுக்கு இல்ல, தப்பான காப்பியைத் திருத்துறதுக்கு. அறிக்கை செய்யும்போது கடவுளுக்குப் புதுசா ஒரு தகவலும் போறதில்லை. திருந்துறது என் பக்கத்துக் காப்பி.

உண்மையை வெச்சே ஒளிஞ்சுக்கலாம்

ஆதியாகமம் மூணாம் அதிகாரத்துல, ஏதேன் தோட்டத்துல கடவுள் ஆதாமைப் பார்த்து எங்கே இருக்கிறாய்னு கேட்கிறார். லொக்கேஷன் தெரியாம கேட்கிற கேள்வியா அது? வெளியே வர்றதுக்கு ஒரு வாய்ப்பு. ஆதாம் என்ன செய்றான்? நீர் கொடுத்த பெண்தான் எனக்குத் தந்தாள்ங்கிற மாதிரி பதில் சொல்றான். பெண் பாம்பைக் காட்டுறாள். ரெண்டு பேரும் சொன்னது பொய் இல்லை. அவள் கொடுத்தது உண்மை, பாம்பு பேசினது உண்மை. என்னோட திங்கட்கிழமை மீட்டிங் மாதிரியே. உண்மைகளை அடுக்கியே ஒரு மறைப்பு கட்டலாம். அத்தி இலையை விட அது நல்லா நிக்கும்.

இஸ்ரவேலின் முதல் ரெண்டு ராஜாக்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சவுல் கட்டளையை மீறி, நல்ல ஆடுமாடுகளை அழிக்காம விட்டு வைக்கிறார். சாமுவேல் வந்து கேட்டா, ஜனங்கள்தான் பலி கொடுக்கறதுக்காக வெச்சாங்கன்னு ஒரு விளக்கம். பிறகு பாவம் செய்தேன்னும் சொல்றார், கூடவே ஜனங்களுக்குப் பயந்துன்னு ஒரு காரணம், பெரியவங்க முன்னாடி என் கௌரவத்தைக் காப்பாத்துங்கன்னு ஒரு கோரிக்கை. தாவீது செஞ்சது அதைவிடக் கொடுமை. இன்னொருத்தர் மனைவியை எடுத்துக்கிட்டு, அந்த உரியாவைப் போர்முனையில் சாகக் கொடுத்தார். நாத்தான் தீர்க்கதரிசி ஒரு ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி அவரை மடக்கும்போது, தாவீதோட பதில் எபிரேய மூலத்துல ரெண்டே சொல். காரணம் இல்லை, சூழ்நிலை இல்லை, 'ஆனால்' இல்லை. அதுக்காக விளைவுகள் எதுவும் ரத்தாகலைங்கிறதையும் அதே புத்தகம் மறைக்காம சொல்லுது.

ரெண்டு பேரும் அறிக்கை செஞ்சாங்க. ஒருத்தருடையதுல பேர் காப்பாத்துற வேலையும் சேர்ந்து நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் எப்படித் தப்பிச்சேன்

நான் சிஎஸ்ஐ வீட்டுப் பையன். எங்க ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து முழங்கால் போட்டு ஒரு பாவ அறிக்கை ஜெபம் சொல்லுவோம். நினைவாலும் சொல்லாலும் செயலாலும் செய்ததையெல்லாம் மொத்தமா ஒப்புக்கொள்ற ஜெபம். அந்த ரெண்டு வருஷமும் ஒரு வாரம் விடாம சொல்லியிருக்கேன். நல்ல குரல்ல, மனப்பாடமா. அந்த மீட்டிங் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வராதபடி சொல்லியிருக்கேன்.

நாம கோட் எழுதி முடிச்சு கமிட் மெசேஜ்ல 'சிறு திருத்தங்கள்'னு போடுவோமே, அந்த மாதிரி. உள்ளே நாப்பது ஃபைல் மாறியிருக்கும்.

பொது அறிக்கை மேல தப்பு சொல்லலை. அது ஒரு ஃபோல்டர். உள்ளே என் ஃபைலை நான்தான் வைக்கணும். நான் வெறும் ஃபோல்டரை வாராவாரம் அனுப்பிக்கிட்டு இருந்தேன்.

கத்தோலிக்க நண்பர்கள் இங்கே சிரிப்பாங்க, ஏன்னா அவங்க முறையில் இப்படி நழுவுறது கொஞ்சம் கஷ்டம். பழைய பேர் பாவசங்கீர்த்தனம், இப்போ ஒப்புரவு அருட்சாதனம். குருவிடம் தனியாகப் போய், செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும் என்று 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்று மூன்று படி. 'ஒப்புரவு' நமக்குத் தெரிந்த சொல்தான். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது ஊரோடு பொருந்தி, பிறருக்குப் பயன்பட்டு வாழ்வது. திருச்சபை அந்தச் சொல்லை எடுத்து, முறிந்த உறவைச் சேர்ப்பதற்கு வைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாவத்தை அது கணக்கு விஷயமா பார்க்கலை, உறவு விஷயமா பார்க்குது.

சீர்திருத்த சபைகள் தனி அறிக்கையைத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நம்ம ஊர்ல பலர் நினைக்கிறாங்க. லூத்தர் அதைக் கட்டாயம் என்பதிலிருந்துதான் எடுத்தார். அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் தனி அறிக்கைக்கு ஒரு பகுதியே உண்டு. கடவுள் முன் நமக்குத் தெரியாத பாவங்களையும் சேர்த்து ஒப்புக்கொள்ளலாம், போதகர் முன் நம் மனதை உறுத்துகிறதை மட்டும் சொன்னால் போதும் என்பது அவர் நிலை. ஆங்கிலிக்கன் ஜெப புத்தகமும், மனசு ஆறாதவர்கள் ஒரு குருவிடம் போய் மனம் திறக்கலாம் என்று அழைக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகலை.

நம்ம ஆத்தங்கரையில் ஒரு புத்தகம்

இதைத் தேடிப் படிக்கும்போது நான் அசந்துபோன ஒரு விஷயம். தமிழில் ஆரம்பத்தில் அச்சான புத்தகங்களில் ஒன்று பாவ அறிக்கையைப் பற்றியது.

1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சானது. மறுவருடம் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1580-ல் மூன்றாவதாக 'கொம்பெசியொனாயரு'. பேர் விசித்திரமா இருக்கா? போர்ச்சுகீசிய மொழியில் பாவசங்கீர்த்தனக் கையேட்டுக்கான சொல், தமிழ் எழுத்தில். மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற இயேசு சபைத் துறவி. 1546-ல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மக்களோடு ஐம்பது வருடத்துக்கும் மேல் வாழ்ந்து, 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார்.

அவருக்கு முன்னாடி வந்த பிரான்சிஸ் சேவியர், ஜெபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். ஜெபத்தை அப்படிச் சொல்லிக் கொடுத்துடலாம். பிரசங்கத்துக்கும் துபாஷி வெச்சுக்கலாம். பாவ அறிக்கைக்கு? ஒரு மீனவப் பெண் தன் மனசுல புழுங்குறதைச் சொல்ல வர்றாங்க, நடுவுல ஊர்க்காரர் ஒருத்தர் மொழிபெயர்த்துட்டு உட்கார்ந்திருக்கார். நடக்குமா? கேட்கிறவருக்குச் சொல்றவரோட மொழி தெரிஞ்சே ஆகணும். ஹென்ரிக்கஸ் தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார், தமிழிலேயே பேசிப் பழகினார்.

இந்த வகைக் கையேடுகள் பொதுவாகப் பத்துக் கட்டளை வரிசையில் கேள்விகளாகப் போகும். 'நீ பாவியா' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்று சொல்லிவிடுவோம். 'எடையில் ஏமாற்றினாயா? யாரை? திருப்பிக் கொடுத்தாயா?' என்று இறங்கிக் கேட்டால்தான் தொண்டை அடைக்கும். நானூத்தம்பது வருஷம் தாண்டப் போகுது, அந்த வடிவம் இன்னும் வேலை செய்யுது.

கொம்பெசியொனாயருவின் ஒரு பிரதி ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அது தொலைந்துபோனதாகத்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1980-களில்தான் அதை அடையாளம் கண்டு எழுதினார்கள். இங்கிருந்து வரைபடத்துல பார்த்தேன். குற்றாலத்துல விழுற தண்ணி சிற்றாறா ஓடி, தாமிரபரணியில சேர்ந்து, கடைசியில கடல்ல கலக்கிற இடம் புன்னைக்காயல். ஹென்ரிக்கஸ் கடைசிவரை இருந்த ஊர். என் தகரத்துல விழுற சாரல் போய்ச் சேர்ற திசை.

யார்கிட்ட சொல்றது

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 2018-ல் கேரளாவில், ஒரு பெண் பாவ அறிக்கையில் சொன்னதை வைத்தே அவரை மிரட்டிப் பாலியல் கொடுமை செய்ததாக ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார்கள் சிலர் மீது புகார் வந்தது. தேசிய மகளிர் ஆணையம் பாவ அறிக்கை வழக்கத்தையே ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது, சபைகள் எதிர்த்தன. கத்தோலிக்கச் சட்டத்தில் அறிக்கையில் கேட்டதை நேரடியாக வெளியிடும் குரு, யாரும் தீர்ப்பு சொல்லாமலேயே சபைவிலக்குக்கு ஆளாகிறார். அவ்வளவு கடுமையான விதி எதுக்கு? மனம் திறந்தவங்க கையில அப்போ எந்த ஆயுதமும் இல்லைங்கிறதால.

அதனால, யார்கிட்ட சொல்றோம்னு யோசிக்கிறது விசுவாசக் குறைவு இல்லை. ரகசியம் காக்கத் தெரிஞ்சவரா, அவருக்கு நம்ம மேல அதிகாரம் இருக்கான்னு பாருங்க. உங்களை வற்புறுத்திப் பிடுங்குறவங்ககிட்ட வேண்டாம். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் வேண்டாம், அங்கே கைதட்டலும் கல்லெறியும்தான் கிடைக்கும். இன்னொண்ணு: உங்களுக்கு ஒருத்தர் கொடுமை செஞ்சிருந்தா அது உங்க பாவம் இல்லை. அதுக்குப் போக வேண்டிய இடம் வேற.

தெரியாத ஒருத்தர் இருந்தார்

இந்த முறை ஊருக்கு வந்தப்போ, கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்திருந்த என் ஸ்கூல் நண்பனோட ஸ்டேஷன் பக்கம் டீ குடிச்சேன். இங்கே என் நண்பர்கள்ல பாதிப் பேர் முஸ்லிம்கள். இருபது வருஷமா மதம் பேசிச் சண்டையும் போட்டதில்லை, மறைச்சதும் இல்லை. அவன்கிட்ட முதல் தடவையா முழுக்கச் சொன்னேன். உடைச்சுட்டேன்னு, நான்தான்னு. சொல்லி முடிச்சு, "ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் மாப்ள"ன்னேன்.

அவன் கிளாஸைக் கீழே வெச்சான். "எங்கள்ல தவ்பான்னு சொல்லுவோம். அல்லாகிட்ட உள்ள கணக்கு நேரா அல்லாகிட்ட. ஆனா மனுசனோட ஹக்கு இருக்குல்லா, அதை அந்த மனுசன்கிட்டதான் தீர்க்கணும். அவன் வேலைய நீ எடுத்துட்டு ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டா எப்படி மாப்ள?"

வேதத்துல இதையே எத்தனை தடவை படிச்சிருக்கேன்! காணிக்கையோட பலிபீடம் வரைக்கும் வந்துட்டாலும், சகோதரனுக்கு உன் மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வெச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசு மலைப்பிரசங்கத்துல சொல்றார். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் அறிக்கை செஞ்சா போதும்னு விடலை, எடுத்ததைத் திருப்பி, மேல ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுது. சகேயு நாலு மடங்குன்னார்.

அன்னைக்கு ராத்திரி அந்த ஜூனியருக்கு போன் பண்ணினேன். முதல்ல கடவுள் முன்னாடி அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்: "ஸ்கிரிப்ட்டை ஓட்டினது நான். தெரிஞ்சே உங்களைக் காட்டிவிட்டேன்." போன்லயும் அதே வாக்கியம். 'ஆனா' சேர்க்கலை.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "அண்ணே, நான்தான் காலையில ஏதோ கமாண்டைத் தப்பா அடிச்சுட்டேனோன்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டு இருந்தேன். இப்பவும் ப்ரொடக்‌ஷன்னா கை நடுங்கும்."

கடவுளுக்குத் தெரியும், சரி. எனக்கும் தெரியும். தெரியாம ஒருத்தர் இருந்திருக்கார். என் தப்பான காப்பி அவர் மனசுல ரெண்டரை வருஷமா ஓடிக்கிட்டு இருந்திருக்கு. கேள்வி கேட்டவருக்கான மீதிப் பதில் இதுதான்.

மேனேஜருக்கு எழுதுவீங்களான்னு கேட்டார். எழுதினேன், அவருக்கும் காப்பி போட்டு. அந்தப் பழைய வாக்கியத்தையும் திருத்தி அனுப்பினேன், இந்தத் தடவை உள்ளே ஆள் இருந்தது. மேனேஜர்கிட்ட இருந்து ரெண்டு வரி பதில் வந்தது. வேலை போனப்போ அவருக்கு எத்தனை மாசச் சம்பளம் போச்சுன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னார். மன்னிச்சுட்டேன்னு இன்னும் சொல்லலை. சொல்லணும்னு கேட்கிற உரிமை எனக்கு இல்லை. இந்த எபிசோடுக்கு மட்டும் அனுமதி கேட்டேன். பேர், ஊர், கம்பெனி எதுவும் வராம பேசுங்கன்னார்.

மன்னிப்புன்னா என்னன்னு நான் நம்புறது, லூக்கா பதினைந்துல வர்ற அந்த இளைய மகன் கதைதான். பன்றிகளுக்கு நடுவுல உட்கார்ந்து ஒரு மன்னிப்பு வாக்கியத்தைத் தயார் பண்றான். வீட்டுக்கு வந்து சொல்ல ஆரம்பிக்கிறான். வேலைக்காரனா வெச்சுக்கோங்கங்கிற கடைசிப் பகுதியைச் சொல்றதுக்குள்ள அப்பா நல்ல உடை எடுத்துட்டு வரச் சொல்லிடுறார். அவனோட அறிக்கை அப்பாவை இளக வைக்கலை. அவர் முன்னாடியே ஓடி வந்துட்டார். அவ்வளவு பாதுகாப்பான இடம்னு தெரிஞ்சா நடிக்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்துலதான் மத்த போன் கால் எல்லாம்.

இந்த வாரம் ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரு தாள் எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க. 'நான்'னு ஆரம்பிக்கணும். 'உடைஞ்சிருச்சு' கூடாது, 'உடைச்சுட்டேன்' வேணும். 'ஆனா' வரக்கூடாது. யாருக்குச் செஞ்சீங்களோ அவங்க பேர் இருக்கணும். அதைக் கடவுள் முன்னாடி சத்தமா வாசிங்க. பிறகு அந்தப் பேரைப் பாருங்க, போன்ல அந்த நம்பர் இருக்கான்னும் பாருங்க.

சாரல் நின்னுடுச்சு போல, இப்பதான் கவனிக்கிறேன். அடுத்த வாரம் சென்னையில இருந்து பேசுறேன். பத்திரமா இருங்க.